சாய்ந்து ஓட்டும் சைக்கிளில் 200 கிலோமீற்றர்: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். முதுகில் டிஸ்க் பிரச்சினை. சாதாரண ரேஸ் சைக்கிளில் கொஞ்சத் தூரம் போனாலே கழுத்தும் மணிக்கட்டும் விறைத்துவிடுகின்றன. நாட்டை விட்டுப் போகும் வெளிநாட்டவர் ஒருவர், தான் பாவித்த இரண்டு சக்கர ரிகம்பென்ட் (சாய்ந்து படுத்தபடி ஓட்டும்) சைக்கிளை 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இரண்டு மாதத்தில் ஹிக்கடுவை வரை போய்த் திரும்பும் 200 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று வருகிறது. அதற்காக வாங்கலாமா? இந்தச் சைக்கிளை அனுமதிப்பார்களா? பழுதாக இருந்தால் யாரிடம் முறையிடுவது?

பதில்: வாங்கலாம். ஆனால் இந்த ஓட்டத்துக்காக வாங்காதீர்கள். இரண்டு மாதம் போதாது.

முதலில் அனுமதி. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் சாய்ந்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சாதனை படைத்தார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது, அந்தத் தடை இன்னும் இருக்கிறது. ஆனால் யார் முந்துகிறார் என்று பார்க்காமல் நேரத்துக்குள் முடித்தால் போதும் என்கிற ஓடாக்ஸ் வகை ஓட்டங்கள் வேறு. அங்கே மனித பலத்தால் மட்டும் ஓடும் எந்தச் சைக்கிளும் சரி. 1,200 கிலோமீற்றர் கொண்ட பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்திலும் ரிகம்பென்ட் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வகையில் 200 கிலோமீற்றருக்கு 13 மணி 30 நிமிடம் தருவார்கள். தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்குச் சுமார் 15 கிலோமீற்றர் வர வேண்டும். உங்கள் ஓட்டம் எந்த வகை என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பணம் கட்ட முன்னரே பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

15 கிலோமீற்றர் வேகம் பெரிய விஷயம் இல்லையே என்று தோன்றும். காற்றை வெட்டிப் போவதில் இந்தச் சைக்கிள் கெட்டிக்காரன்தான், சமதரையான காலி வீதி அதற்கு ஏற்ற இடம். சிக்கல் காலில். இத்தனை வருடம் நீங்கள் பழக்கிய தசைகள் படுத்து மிதிக்கும்போது அதே மாதிரி வேலை செய்யாது. புதிதாகப் பழகும்வரை முன்பைவிட மெதுவாகத்தான் போவீர்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கவும் முடியாது. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள், அங்கே சின்னக் கியரில் பொறுமையாக ஊர வேண்டியதுதான். பாதம் உயரத்தில் இருப்பதால் சிலருக்குக் கால்விரல்களும் மரத்துப்போகும். இதையெல்லாம் பாணந்துறையில் பஸ் நெரிசலுக்கு நடுவே கண்டுபிடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மரைன் டிரைவ் வெறிச்சென்றிருக்கும்போது, நிற்பதும் புறப்படுவதும் யோசிக்காமலே வரும்வரை பழகுங்கள். நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் புறப்படும்போது தள்ளாடும்.

முதுகைப் பற்றி விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. கழுத்துக்கும் கைக்கும் இது உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனால் குழியைக் கண்டால் சாதாரண சைக்கிளில் இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வீர்களே, இதில் அது முடியாது. அதிர்ச்சி நேராக முதுகில் இறங்கும். டிஸ்க் பிரச்சினை உள்ளவர் நீங்கள், ஆகவே முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அகலமான டயர் போட இடம் இருக்கிறதா, சஸ்பென்ஷன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருக்கை வலையாக இருந்தால் நல்லது. கடினமான இருக்கையில் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு முதுகு முழுக்க வியர்வையில் ஊறிவிடும்.

பார்க்கப் போகும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணை வாசியுங்கள். முன்சக்கரம் 406 என்றால் அது பிஎம்எக்ஸ் சைக்கிள் அளவு, டயரும் டியூபும் கிடைக்கும். அதையும் 20 அங்குலம் என்றுதான் சொல்வார்கள், 451ஐயும் 20 அங்குலம் என்றுதான் சொல்வார்கள். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பின்சக்கரத்துக்கு 559, 622 இரண்டும் வழக்கமான அளவுகள், 571 என்றால் டயருக்கு அலைய நேரிடும். இப்படி அரிய அளவு என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது உதிரி டயர்களையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். செயின் இரண்டு மூன்று சாதாரணச் செயின்களைக் கோத்த நீளம் இருக்கும், அது சும்மா கிடைப்பதில்லை. செயினை வழிநடத்தும் சின்ன உருளையின் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெடல் பூட்டிய முன்தண்டு உங்கள் கால் நீளத்துக்கு நீண்டு சுருங்க வேண்டும், அழுத்தி மிதித்தால் நழுவக் கூடாது. அதன் வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கண்ணாடி, உயரமான கொடி, லைட் மூன்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். சாய்ந்தபடி திரும்பிப் பார்ப்பது கஷ்டம், பஸ் சாரதியும் உங்களைத் தன் கண்மட்டத்தில் பார்க்கமாட்டார்.

முறைப்பாடு: கடையில் வாங்கியதாக இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கிய 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், 1977க்கு அழைத்தும் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. சைக்கிள் பிரேமில் உள்ள எண், விலை, திகதி, இருவர் கையெழுத்து எல்லாம் உள்ள பற்றுச்சீட்டு வாங்குங்கள். வரிச்சலுகையில் கொண்டுவந்த பொருளா என்றும் கேளுங்கள், அப்படியானால் விற்பதற்கு முன் சுங்கத்தில் முடிக்க வேண்டியது அவருடைய வேலை. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடாவிட்டால் வாங்க வேண்டாம்.

கேள்வி: விழுந்துவிடுவேன் என்ற பயம். மூன்று சக்கர ரிகம்பென்ட் வாங்கலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: மெதுவாகப் போனாலும் சாயாது, ஏற்றத்தில் நடை வேகத்தில்கூட ஊரலாம். ஆனால் பாரம் கூட, அகலமும் கூட. மாடிவீட்டில் இருந்தால் லிஃப்ட்டையும் வாசல் கதவையும் முதலில் அளந்து பாருங்கள். காலைப் பெடலோடு பிணைக்கும் சப்பாத்தையும் சேர்த்தே வாங்குங்கள், ஓடும்போது கால் நழுவித் தரையில் பட்டால் வண்டி அதன் மேலேயே ஏறிவிடும்.