பழைய காரில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே அதிகமாகக் காட்டுகின்றன. மீட்டர் வோல்டேஜ் ரெகுலேட்டர் போய்விட்டதா? 7805 அல்லது 7810 ஐசி போட்டு மாற்றலாமா?

இரண்டு முள்ளும் சேர்ந்து ஒரே பக்கமாகத் தவறினால், மீட்டர்களுக்குப் போகும் வோல்டேஜை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிப்பது சரிதான். ஒன்று மட்டும் தவறினால் அந்த மீட்டர், அதன் வயர், டேங்க் யூனிட் (டேங்க்கில் மிதவையோடு இருக்கும் அளவுக் கருவி) அல்லது டெம்பரேச்சர் சென்சார் பக்கம் போங்கள். ரெகுலேட்டரைத் தொட வேண்டாம். உங்கள் விஷயத்தில் இரண்டும் மேலே ஏறுகின்றன. அதனால் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ரெகுலேட்டரின் எர்த்தை, அதாவது கார் உடலோடு அதற்குள்ள இணைப்பைப் பாருங்கள். ரெகுலேட்டர் பெட்டி நன்றாகவே இருந்து, எர்த் மட்டும் விட்டுப்போயிருந்தாலும் இதே கோளாறுதான் வரும்.

காரணம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. தகரப் பெட்டிக்குள் ஒரு பைமெட்டல் பட்டை (இரு உலோகங்கள் ஒட்டிய, சூட்டில் வளையும் பட்டை), அதன்மேல் சுற்றிய சூடேற்றும் கம்பி, நுனியில் ஒரு கான்டாக்ட். சாவி போட்டதும் கான்டாக்ட் வழியாக பேட்டரி வோல்டேஜ் முழுதாக மீட்டர்களுக்குப் போகிறது. அதே வோல்டேஜ் சூடேற்றும் கம்பி வழியாக எர்த்துக்கும் ஓடுகிறது. பட்டை சூடாகி வளைந்து கான்டாக்ட் திறக்கும். ஆறியதும் மறுபடி மூடும். வெளியே வருவது நிலையான 5 வோல்ட்டோ 10 வோல்ட்டோ இல்லை. விட்டுவிட்டு வரும் முழு பேட்டரி வோல்டேஜ். மீட்டர்களும் உள்ளே பைமெட்டலும் சூடேற்றும் கம்பியும் கொண்டவைதான். அவை மெதுவாக நகர்வதால் இந்தத் துடிப்புகளின் மொத்தச் சூட்டை மட்டுமே காட்டுகின்றன. சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 12 வோல்ட் 14.4 ஆனால் சூடு 44 சதவீதம் கூடிவிடும். ரெகுலேட்டர் இல்லாவிட்டால் இன்ஜின் வேகத்துக்குத் தக்கபடி பெட்ரோல் அளவு மாறுவதுபோல் முள் ஆடும்.

சூடேற்றும் கம்பியின் எர்த் அறுந்தால் பட்டை சூடாகாது, கான்டாக்ட் திறக்காது, மீட்டர்களுக்கு 14 வோல்ட் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய பல பிரிட்டிஷ் கார்களில் வரும் ஸ்மித்ஸ் மீட்டர்கள் 10 வோல்ட் கணக்கில் செய்யப்பட்டவை. அவற்றுக்கு இது ஏறத்தாழ இரண்டு மடங்கு சூடு. முள் எல்லையைத் தாண்டும், சில காலம் தாங்கவும் செய்யும். ஃபோர்டு, கிரைஸ்லர் மீட்டர்கள் 5 வோல்ட் கணக்கு. அவற்றுக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு. உள்ளே இருக்கும் கம்பி கருகிவிடும். ஆகவே அமெரிக்கக் கார் என்றால், கோளாறு தீரும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்; ஓட்டியே ஆக வேண்டுமானால் ரெகுலேட்டருக்கு வரும் வயரைக் கழற்றி இன்சுலேட் செய்துவிடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பெரும்பாலும் காந்தச் சுருள் மீட்டர்கள். அவற்றுக்கு ரெகுலேட்டரே கிடையாது. சாவி போட்டதும் முள் சட்டென்று குதித்தால் காந்த வகை, சோம்பலாக ஏறினால் வெப்ப வகை.

இனி சோதனை. ஸ்மித்ஸ் பெட்டியில் பி என்பது உள்வரும் மின்சாரம், ஐ என்பது மீட்டர்களுக்குப் போவது, ஈ எர்த். பிரிட்டிஷ் வயரிங்கில் பி-க்கு வருவது பச்சை. ஐ-யிலிருந்து போவது பச்சைக் கோடு போட்ட இளம்பச்சை. சாவியைப் போட்டு முதலில் பி-யில் பேட்டரி வோல்டேஜ் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஃப்யூஸும் அதன் கிளிப்பும்தான் கேள்வி. பிறகு ஐ-யில் ஒரு சிறிய டெஸ்ட் லேம்ப் வையுங்கள். முதல் சில விநாடிகள் தொடர்ந்து எரிந்து, பின் விட்டுவிட்டு எரிந்தால் ரெகுலேட்டர் உயிரோடு இருக்கிறது. விடாமல் எரிந்தால் எர்த் இல்லை, அல்லது கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது. எரியவே இல்லையென்றால் கான்டாக்ட் கருகியிருக்கிறது. இரண்டு முள்ளும் கீழேயே கிடப்பது இந்தக் கோளாறில்தான். டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்தால் எண்கள் 0-க்கும் 12-க்கும் இடையே தாவும். அதைப் பார்த்து ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். பழைய முள் வகை மல்டிமீட்டர் இருந்தால் துடிப்பு கண்ணுக்கே தெரியும்.

லேம்ப் விடாமல் எரிந்தால், பெட்டியின் உடலிலிருந்து காரின் வெற்று உலோகத்துக்கு ஒரு வயர் போட்டுப் பாருங்கள். முள் சில விநாடிகளில் இறங்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது: பெட்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் துருவையும் பெயின்ட்டையும் சுரண்டுங்கள், தனி எர்த் வயர் ஒன்றையும் நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் டாஷ்போர்டில் இந்த வயர் கட்டாயம். ஸ்மித்ஸ் பெட்டி செங்குத்தாக, பி-யும் ஈ-யும் மேலே இருக்கும்படி நிற்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். படுக்கவைத்தால் சூடு பரவும் விதம் மாறி அளவும் மாறும்.

எர்த் கொடுத்தும் இறங்கவில்லையென்றால் ஐசி போடலாம். நெகட்டிவ் எர்த் காரில் (பேட்டரியின் நெகட்டிவ் கார் உடலோடு சேர்ந்தது) 10 வோல்ட்டுக்கு 7810, 5 வோல்ட்டுக்கு 7805. எழுத்து இருக்கும் முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலம்: உள்ளே, எர்த், வெளியே. முதுகுத் தகடும் எர்த். உள்ளே வரும் காலுக்கும் எர்த்துக்கும் இடையில் 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வெளியே போகும் காலுக்கும் எர்த்துக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட், இரண்டும் ஐசியின் காலருகே. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய பெட்டியின் மடிப்பை நிமிர்த்தித் திறந்து, பைமெட்டலை எடுத்துவிட்டு, அதே டெர்மினல்களில் சால்டர் செய்தால் வெளியே பழைய தோற்றம் மாறாது.

7810-க்கு ஒரு குறை: உள்ளே வரும் வோல்டேஜ் ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் 10 வோல்ட் தரும். டைனமோ பொருத்திய காரில், ஹெட்லைட் போட்டு ஐடிலில் நிற்கும்போது உள்ளே வரும் வோல்டேஜ் 12-க்குக் கீழே போய்விடும். முள் சற்று இறங்கும். தலைகீழ் பேட்டரிக்குப் பாதுகாப்பாக 1என்4007 டையோடும் சேர்த்தால் இன்னும் 0.7 வோல்ட் போகும். அதனால் 10 வோல்ட் வேலைக்கு எல்எம்2940 ஐசியின் 10 வோல்ட் வகையே எனக்குப் பிடித்தது. 1 ஆம்பியரிலும் அரை வோல்ட் கூடுதல் போதும், தலைகீழ் பேட்டரியையும் தாங்கும். கால் வரிசை அதேதான், ஆனால் கெப்பாசிட்டர் வேறு: உள்ளே 0.47, வெளியே குறைந்தது 22 மைக்ரோஃபாரட். வெளிக் கெப்பாசிட்டரை விட்டுவிட்டால் ஐசி அலைவுக்குப் போய்விடும், அதாவது வெளிவரும் வோல்டேஜ் நிலையாக நிற்காது.

5 வோல்ட் பக்கம் பிரச்சினை சூடு. மூன்று மீட்டர்கள் சேர்ந்து 0.65 ஆம்பியர் எடுத்தால், 14-லிருந்து 5-க்கு இறக்கும்போது ஐசியில் ஏறத்தாழ 6 வாட் எரிகிறது. ஹீட் சிங்க் இல்லாத 7805 சூடு தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். முள் கால் மணி நேரம் சரியாகக் காட்டிவிட்டுப் பிறகு விழுவது இதனால்தான். தகட்டை தெர்மல் பேஸ்ட் வைத்துக் கனமான உலோகத்தில் இறுக்குங்கள். 10 வோல்ட்டில், இரண்டு மீட்டருக்கு, 1 வாட் அளவுதான் வரும்; பெட்டியின் தகரமே போதும்.

பாசிட்டிவ் எர்த் காரில் மேலே சொன்ன எதையும் அப்படியே போடாதீர்கள். 1960களின் பிற்பகுதிவரை பல பிரிட்டிஷ் கார்கள் அந்த வகை. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1967-இல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. பழைய பைமெட்டலுக்குத் திசை கிடையாது, ஐசிக்கு உண்டு. அங்கே 7910 வேண்டும். அதன் கால்கள் எர்த், உள்ளே, வெளியே என்று வரும், முதுகுத் தகடு உள்வரும் மின்சாரத்தோடு சேர்ந்தது. மைக்கா தாள் வைக்காமல் பெட்டியில் இறுக்கினால் நேரடி ஷார்ட்.

1960களின் சில கிரைஸ்லர் கார்களில் ரெகுலேட்டர் தனியாக இல்லை. பெட்ரோல் மீட்டருக்குள்ளேயே இருக்கும். அதில் உள் கான்டாக்ட்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுக்க வேண்டும். துண்டிக்காமல் கொடுத்தால் கான்டாக்ட் வழியாக 12 வோல்ட் பின்பக்கமாக வந்து புது ஐசியைத் தாக்கும்.

பொருத்திய பின் இன்ஜினை 2000 ஆர்பிஎம்மில் வைத்து, ஹெட்லைட் போட்டும் அணைத்தும் வெளி டெர்மினலை அளந்து பாருங்கள். வோல்டேஜ் அசையாமல் நின்றும் பெட்ரோல் முள் தவறினால் இனி பார்க்க வேண்டியது டேங்க் யூனிட். ஃபோர்டு, கிரைஸ்லரில் அதன் வயரைக் கழற்றி 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்தால் முள் முழு டேங்க் காட்ட வேண்டும், 73 ஓம் வைத்தால் காலி. இரண்டும் சரியாக வந்தால் மிதவையின் ரெசிஸ்டன்ஸ் கம்பி தேய்ந்திருக்கிறது. வராவிட்டால் வயரையும் மீட்டரையும் பார்க்க வேண்டும்.