திட்ட மேலாண்மைப் பயிற்சி: முன்பணம் கட்டுவதற்கு முன்பும் பின்பும்

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஏழு ஆண்டுகளாக ஒரு கட்டுமான நிறுவனத்தில் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன். வளைகுடா வேலைக்கு முயற்சி செய்வதால் 'பிஎம்பி' எனப்படும் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் கைவசம் இருப்பது நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு பயிற்சி நிறுவனத்தில் விசாரித்தேன். கட்டணம் 46,000 ரூபாய், 'நூறு சதவீதத் தேர்ச்சி உத்தரவாதம்' என்கிறார்கள். இன்று மாலைக்குள் 5,000 ரூபாய் முன்பணம் கட்டாவிட்டால் நாளை முதல் 60,000 ரூபாயாம். சேரலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இன்று மாலைக்குள் கட்ட வேண்டாம். நாளைக்கு 60,000 ஆகும் என்று சொல்லப்பட்ட கட்டணம் அடுத்த வாரமும் 46,000 ஆகவே இருப்பதைப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள்.

முதலில், நீங்கள் எதை வாங்கப் போகிறீர்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிஎம்பி சான்றிதழை வழங்குவது 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஎம்ஐ என்ற அமைப்பு. 1984 முதல் இந்தச் சான்றிதழை அது வழங்கி வருகிறது. விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், முடிவு ஆகிய மூன்றும் உங்களுக்கும் பிஎம்ஐக்கும் இடையே மட்டும் நடப்பவை. பயிற்சி நிறுவனம் விற்பது, விண்ணப்பத்துக்குத் தேவையான 35 மணி நேரப் பாடம் முடித்ததற்கான சான்றையும் தேர்வுக்கான தயாரிப்பையும்தான். ஆகவே 46,000 ரூபாயில் தேர்வுக் கட்டணம் அடங்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது. அது சிறிய தொகையும் அல்ல; பிஎம்ஐ உறுப்பினர்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல் விலை. அடுத்து ஜிஎஸ்டி. சொல்லப்பட்டது வரி நீங்கலான தொகை என்றால், 18 சதவீதமான 8,280 ரூபாயைச் சேர்த்து உங்கள் கையிலிருந்து போவது 54,280 ரூபாய்.

உங்கள் விஷயத்தில் இதைவிட முக்கியமானது தகுதி. 2021-இல் நடைமுறைக்கு வந்த தேர்வு முறையின்படி, பட்டதாரிகள் திட்டங்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவம் காட்ட வேண்டும். பட்டம் இல்லாதவர்களுக்கு அது 60 மாதம். இந்த விதிகளை பிஎம்ஐ அவ்வப்போது திருத்துவதால், விண்ணப்பிக்கும் நாளில் அதன் இணையதளத்தில் உள்ள கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ஏழு ஆண்டு என்பது 84 மாதம்தானே, தாராளமாகப் போதுமே என்று தோன்றும். கணக்கு அப்படி வராது. ஒரே நேரத்தில் இரண்டு கட்டடங்களைப் பத்து மாதம் பார்த்திருந்தால் அது இருபது மாதம் ஆகாது, பத்து மாதம்தான். மேலும், வேலைத் திட்டம் போட்டது, ஒப்பந்ததாரர்களை ஒருங்கிணைத்தது, செலவையும் தாமதத்தையும் கட்டுப்படுத்தியது போன்றவை அனுபவமாகச் சேரும். சிமெண்ட் மூட்டை எண்ணிக் கையெழுத்துப் போட்ட மாதங்கள் சேரா. பதவிப் பெயரில் 'மேலாளர்' என்று இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து, ஒரு நோட்டில் திட்டத்தின் பெயர், தொடங்கிய மாதம், முடிந்த மாதம், நீங்கள் எடுத்த முடிவுகள், அதை உறுதிப்படுத்தக்கூடிய மேலதிகாரி என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். 60 தேறவில்லை என்றால் பயிற்சிக்கு இப்போது பணம் கட்டுவதில் பொருளில்லை.

'விண்ணப்பத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம்' என்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். பிஎம்ஐ சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுக்கும். அப்போது மேலதிகாரியின் உறுதிப்படுத்தலையும் கல்விச் சான்றுகளையும் அனுப்ப வேண்டும். வேறொருவர் கற்பனையாக எழுதிய அனுபவத்துக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தேர்ச்சி உத்தரவாதத்துக்கு வருவோம். தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் என்பதையோ, எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்பதையோ பிஎம்ஐ வெளியிடுவதில்லை. ஆகவே விளம்பரத்தில் காணும் தேர்ச்சி விகிதம் எதுவும் அந்த நிறுவனம் தானே போட்டுக்கொண்ட கணக்கு. 'உத்தரவாதம்' என்பதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தோற்றால் கட்டணம் திரும்ப வருமா, மறு தேர்வுக் கட்டணத்தை அவர்கள் கட்டுவார்களா, அல்லது அதே வகுப்பில் இன்னொரு முறை இலவசமாக உட்கார வைப்பார்களா என்பது அப்போது தெரிந்துவிடும். பெரும்பாலும் மூன்றாவதுதான். சில இடங்களில் இந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் திருடப்பட்ட வினாத்தொகுப்புகளோ, ஆள் மாறாட்டமோ இருக்கும். பிடிபட்டால் பறிபோவது உங்கள் சான்றிதழ். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நூறு சதவீதத் தேர்ச்சி, நூறு சதவீத வேலை போன்ற வாக்குறுதிகளைத் தவறான விளம்பரமாகவே கருதுகின்றன.

பாடக் குறிப்புகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்பதையும் பாருங்கள். பிஎம்ஐ வெளியிடும் திட்ட மேலாண்மை வழிகாட்டிப் புத்தகமான பிஎம்பிஓகேயின், 2017-இல் வந்த ஆறாம் பதிப்பில் 49 செயல்முறைகள் கொண்ட பெரிய அட்டவணை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அதை மனப்பாடம் செய்வதே தயாரிப்பு என்று நினைத்தார்கள். 2021 ஜனவரியில் தேர்வு 230 நிமிடம், 180 கேள்விகள் என்று மாறியபோது, ஏறத்தாழப் பாதிக் கேள்விகள் அஜைல் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்து, போகப் போகத் திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் முறை), அதையும் பழைய முறையையும் சேர்த்த கலப்பு முறை ஆகியவற்றுக்குப் போயின. அதன் பிறகும் புத்தகமும் பாடத்திட்டமும் திருத்தப்பட்டு வருகின்றன. மாதிரி வகுப்பில் ஆசிரியர் அந்த 49 கட்டங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், போன வருடத்துக் காலண்டரை விற்கிறார்கள் என்று எழுந்து வந்துவிடலாம்.

பிஎம்ஐயின் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கூட்டாளியாக இருப்பது நல்ல அடையாளம். அந்தப் பட்டியலை பிஎம்ஐ தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். ஆனால் 35 மணி நேரத்துக்கு அது கட்டாயமில்லை. பிஎம்ஐயின் உள்ளூர்க் கிளைகள் (சென்னையிலும் ஒன்று உண்டு), பல்கலைக்கழகங்கள், பாட முடிவில் மதிப்பீடு உள்ள இணையவழிப் படிப்புகள் ஆகியவையும் ஏற்கப்படுகின்றன. தானாகப் படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இணையவழிப் படிப்பு பல மடங்கு மலிவாக முடியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுமானத்தில் திட்டமிடல் பொறியாளர் வேலைக்கு அழைப்பவர்கள் பிரைமவேரா மென்பொருளில் வேலைப் பட்டியல் போடத் தெரியுமா என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் குறிவைக்கும் பத்து வேலை விளம்பரங்களை எடுத்து, எத்தனையில் பிஎம்பி கேட்கப்பட்டிருக்கிறது, எத்தனையில் பிரைமவேரா கேட்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நிறுவனத்தில் திட்ட மேலாண்மைப் பயிற்சிக்கு 38,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். 'வட்டியில்லாத் தவணை' என்று கைப்பேசியிலேயே ஒரு செயலி வழியாக ஏற்பாடு செய்தார்கள். நேரலை வகுப்பு என்று சொல்லி இரண்டு வகுப்பு மட்டும் நடத்திவிட்டு, இப்போது பழைய காணொளிகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். பணத்தைக் கேட்டால் 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற ரசீது வரியைக் காட்டுகிறார்கள். தவணை மட்டும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. தவணையை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் 'தவணை' என்று நினைப்பது, ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுத்து, நேராகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட கடன். வகுப்பு நின்றாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால் உங்கள் கடன் மதிப்பெண் குறையும், நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது எதிரே வந்து நிற்கும். இப்படிப்பட்ட டிஜிட்டல் கடன்களில், அபராதமின்றி விலகுவதற்கு ஒரு குறுகிய அவகாசம் தரப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. உங்களுக்கு அந்த நாட்கள் கடந்திருக்கும். கடன் கொடுத்தபோது வந்த முக்கிய விவர அறிக்கையைத் தேடி எடுங்கள். உண்மையான வட்டியும் கட்டணங்களும் அதில்தான் இருக்கும்.

பயிற்சி நிறுவனம் காட்டும் ரசீது வரி அவர்கள் நினைப்பதுபோல் அசைக்க முடியாததல்ல. உங்கள் மனமாற்றத்தால் விலகியிருந்தால் வாதம் கடினம். சொன்ன சேவையைத் தராமல் விட்டது அவர்கள். குறைபாடான சேவைக்கான பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. கல்வி நிறுவனங்கள் இச்சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்த தேசிய நுகர்வோர் ஆணையமே, 2020-இல், பயிற்சி மையங்கள் அந்த விலக்கில் சேராது என்று கூறியிருக்கிறது.

'நேரலை வகுப்பு' என்று சொன்ன விளம்பரம், வாட்ஸ்ஆப் உரையாடல், வகுப்பு அட்டவணை, பணம் போன விவரம் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் 15 நாள் கெடு வைத்து எழுதுங்கள். தொலைபேசியில் பேசுவது வேண்டாம். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். பல வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடர சட்டம் அனுமதிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். புகாரில் நிதி நிறுவனத்தையும் எதிர்த் தரப்பாகச் சேர்த்து, கட்டிய தவணைகளோடு வட்டியையும் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் இந்த ஆண்டுதான் பொறியியல் முடித்தான். வேலை கிடைப்பதற்கு முன்பே பிஎம்பி முடித்துவிடலாம் என்று ஒரு நிறுவனத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: முடியாது, அனுபவ மாதங்கள் இல்லாமல் விண்ணப்பமே ஏற்கப்படாது. புதியவர்களுக்கு பிஎம்ஐ வைத்திருப்பது சிஏபிஎம் என்ற சான்றிதழ். அதற்கு 23 மணி நேரப் பாடம் போதும், வேலை அனுபவம் தேவையில்லை. அதற்கும் இப்போதே பணம் செலவிட வேண்டுமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் திட்ட மேலாண்மைப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றுக்காகத் தேர்வெழுத விரும்பினால் மட்டும் சிறு கட்டணம் கட்ட வேண்டும். முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, தான் முன்னின்று செய்த பணிகளை மாத வாரியாக ஒரு நோட்டில் குறித்து வரச் சொல்லுங்கள். பின்னாளில் பிஎம்பி விண்ணப்பத்தில் அவனிடம் கேட்கப்படப் போவது அந்த விவரம்தான்.