அக்காவைக் கேளுங்கள்: கொட்டகையும் கணக்கு நோட்டும்

அக்கா, கல்யாணமாகி விவசாயக் குடும்பத்துக்கு வந்திருக்கிறேன். விடியும் முன் பால் கறப்பு, பிறகு கன்று, கோழி, நடுப்பகலில் களையெடுப்பு, ராத்திரி கூலிக் கணக்கு. கணக்கெடுக்க வந்தவரிடம் என் மாமியார், "மருமக வேலைக்கெல்லாம் போகலை, வீட்டோடதான் இருக்கா" என்றார். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். எனக்கு மனசே ஆறவில்லை. நான் நினைப்பது தப்பா?

தப்பே இல்லை தங்கச்சி. மாமியார் மேல் கோபம் வேண்டாம்; அவரைப் பற்றி அவருடைய மாமியாரும் இதையேதான் சொல்லியிருப்பார். கோளாறு கேள்வியில். "வேலைக்குப் போகிறாயா?" என்றால் நம் வாயில் "இல்லை" என்றுதான் வரும். "போன வாரம் மாட்டோடும் வயலோடும் எத்தனை மணி நேரம் இருந்தாய்?" என்று கேட்டுப் பார்க்கச் சொல், பதில் வேறாக இருக்கும்.

ஒரு வேடிக்கை கேள். நாடுகளின் உற்பத்தியைக் கணக்கிட ஐ.நா. வகுத்த முறை ஒன்று உண்டு. அதன்படி, வீட்டுக்காக நீ கறக்கும் பால் விற்காவிட்டாலும் உற்பத்தி. பொறுக்கி வரும் விறகும், சுமந்து வரும் தண்ணீரும்கூட உற்பத்தி. அந்தப் பாலை அதே விறகில் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுத்தாயானால் அந்த வேலை மட்டும் கணக்கில் வராது! அடுப்படிக்குள் கால் வைத்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள். 2013-ல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியல் மாநாடு, சம்பளமில்லாத வீட்டு வேலையும் வேலைதான் என்று தீர்மானம் போட்டது. 1979-ல் ஐ.நா. ஏற்ற பெண்கள் உரிமை ஒப்பந்தத்தின் 14-வது பிரிவு, கிராமத்துப் பெண்களுக்காகவே எழுதப்பட்டது. 2026-ஐப் பெண் விவசாயி ஆண்டாகவும் அறிவித்திருக்கிறார்கள். அறிவிக்கட்டும், நல்லதுதான். உன் வீட்டு நோட்டில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

கூலிக் கணக்கை நீதானே எழுதுகிறாய்? அதில் உனக்கும் ஒரு வரி போடு. வயலில் எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் கறந்தாய், எத்தனை முட்டை, அவ்வளவு போதும். அறுவடை முடிந்ததும் வீட்டுக்காரரை உட்கார வைத்து, இதற்கெல்லாம் ஆள் வைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவரையே கூட்டச் சொல். அடுத்து, பால் பணம் வருகிற கணக்கிலும் நிலக் காகிதத்திலும் உன் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார். கடனோ, காப்பீடோ, நஷ்டஈடோ, பெரும்பாலும் காகிதத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் தருவார்கள். வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நேற்றுவரை உழைத்த நிலத்துக்கு நீ சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும். இதைச் சண்டையாகப் பேசாதே. மகசூல் நன்றாக வந்த வருஷத்தில் பேசு.

மருந்து அடித்துவிட்டு வரும் கணவரின் சட்டையைத் துவைத்தால் கை அரிக்கிறது. சோப்பை மாற்றலாமா?

சோப்பு என்னம்மா செய்யும்? அது துணியில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து. அடித்தவர் முகத்தைக் கட்டிக்கொள்கிறார், துவைக்கிறவள் வெறுங்கையோடு உட்காருகிறாள். இனி அந்தத் துணி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. வெளியே கழற்றித் தனி வாளியில் போடட்டும். அன்றே துவைக்க வேண்டும், ஊறப்போட்டுத் தள்ளிவைக்காதே. ரப்பர் கையுறை கட்டாயம். பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல், சூடான தண்ணீரில் இரண்டு முறை துவைத்து, வெயிலில் காயப்போடு. தண்ணீர் கலக்காத மருந்து துணியில் கொட்டியிருந்தால் துவைக்கவே துவைக்காதே, அந்தத் துணியை வீசிவிடு. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றச் சொல். பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிடு. அழகாக இருக்கிறதே என்று அதில் எண்ணெய் வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அரிப்பு நிற்கவில்லை என்றால் மருந்தின் லேபிளோடு டாக்டரிடம் போ.

கோழிகள் திடீரென்று முட்டையை நிறுத்திவிட்டன. தீவனம் மாற்றவில்லை.

பகல் குறைந்திருக்கும், அல்லது இறகு உதிர்க்கும் காலமாக இருக்கும். நிறைய முட்டையிட நாளுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் இருந்தால் நல்லது. எதற்கும் முதலில், வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்து இட்டு வைத்திருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கணவர் வெளியூரில் இருக்கும்போது மாடு கன்று போட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியுமா?

முடியும். பெரும்பாலான மாடுகள் நம்மைக் கேட்காமலே ஈன்றுவிடும். இரண்டு முன்னங்காலும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் எல்லாம் சரி, தள்ளி நில். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் நகரவில்லையா, ஒரு கால் மட்டும் தெரிகிறதா, அப்போது இழுக்காதே, டாக்டரைக் கூப்பிடு. அந்த எண்ணை இப்போதே கொட்டகைச் சுவரில் எழுதி வை.

கன்று விழுந்ததும் மூக்கைத் துடை, தொப்புளில் அயோடின் தடவு, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகட்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அதை வாங்கிக்கொள்ளாது. எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்கு: 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழாவிட்டாலும் டாக்டர்தான். கையை விட்டு இழுக்கச் சொல்லும் அனுபவசாலிகள் எல்லா ஊரிலும் இருப்பார்கள், வாசலோடு அனுப்பிவிடு.

அக்கா, என் மனைவிக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கொடுக்க நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

தம்பி, அன்று காலை, மாலை இரண்டு கறவையும் உங்களுடையது. அவளை வெளியே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பினால், திரும்பி வந்து கறப்பது அவள்தான். ஆனால் இந்த வாரமே சொம்பைத் தூக்கிக்கொண்டு போய் உட்காராதீர்கள். பழகாத ஆள் வந்தால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். ஒரு வாரம் அவள் கறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், மடியைக் கழுவிக் கொடுங்கள், மாட்டுக்கு உங்கள் கை பழகட்டும். சுரப்பு விட்டால் சில நிமிஷம்தான் நிற்கும், அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். போன் வந்தால் எடுக்காதீர்கள்.