ஷட்டரின் அடி ரப்பரை மாற்றும் முன்

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் கார் ஷெட்டுக்கு இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். அதன் அடி ரப்பர் வெடித்துவிட்டதால் மழைத் தண்ணீரும் தூசியும் உள்ளே வருகின்றன. கடலூரில் அக்கா வீட்டிலும் இதே தொல்லைதான். ஆனால் அங்கே ரப்பரோடு அதைப் பிடித்திருக்கும் சட்டத்தையும் திருகுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நாங்களும் அப்படியே செய்ய வேண்டுமா?

பதில்: ரப்பரை இரண்டு வீட்டுக்கும் ஒரே வகையில் வாங்கலாம். சட்டமும் திருகும் உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

கடலூர் மெக்கானிக் சொன்னதில் தவறில்லை. கடற்காற்றில் வரும் உப்பு, சட்டத்துக்கும் ரப்பருக்கும் இடையில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு ஏறி, இரும்பு உப்பி, ரப்பரை இடத்தை விட்டுத் தள்ளிவிடும். அங்கே அலுமினியச் சட்டமும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகும் போடுவதே நல்லது. வழக்கமாகக் கிடைக்கும் 304 ரகத்தில் கடலோரத்தில் பழுப்புக் கறை விழும். ஸ்டீல் திருகு அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும் என்பதால், நடுவில் நைலான் வாஷர் வைக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டு அடிச்சட்டத்தைக் கழுவிவிடுவதும் அவசியம்.

உங்கள் ஊரில் உப்பு இல்லை. ரப்பரைக் கெடுப்பது வெயில். சாதாரண ரப்பரும் பி.வி.சி. பட்டையும் சூடேறிய இரும்போடு ஒட்டிக் கிடந்து விறைத்து வெடித்துவிடும். வெயிலையும் ஓசோனையும் தாங்கும் இ.பி.டி.எம். ரப்பரைக் கேட்டு வாங்குங்கள். கடையில் நெடுநாள் கிடந்த சரக்கும் உண்டு. ஒரு துண்டை இரண்டாக மடக்கிப் பாருங்கள், மடிப்பில் கீறல் தெரிந்தால் வேண்டாம். பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை இருந்தால், அந்தத் தூள் பக்கவாட்டுச் சேனலில் சேர்ந்து ரப்பரை அரத்தைப்போல் தேய்க்கும். சேனலை முதலில் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஆனால் பணத்தைச் செலவிடுவதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். ரப்பர் மேல் பழி விழும் பல இடங்களில் குறை தரையில்தான் இருக்கிறது: கார்ச் சக்கரம் ஏறி இறங்கும் இரண்டு தடங்களிலும் சிமென்ட் தேய்ந்து பள்ளமாகியிருக்கும், எவ்வளவு நல்ல ரப்பரும் அந்தப் பள்ளத்தை முழுதாக அடைக்காது. செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஓரங்களிலும் நடுவிலும் சக்கரத் தடங்களிலும் வைத்து ஷட்டரை இறக்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்கும் இடம் சரி. வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பள்ளம் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் அங்கே பூசி மட்டம் செய்வது, தடித்த ரப்பர் வாங்குவதைவிட மலிவு. தரையின் சரிவே உள்பக்கமாக இருந்தால், வாசலில் சிறு சிமென்ட் வரம்பு கட்டாமல் தண்ணீர் உள்ளே வருவது நிற்காது.

பழைய ரப்பரை உருவிய பின் சட்டத்தின் பள்ளத்தைச் சுரண்டித் துடைத்து, துரு தெரிந்தால் ரெட் ஆக்சைடு பூசிக் காயவிடுங்கள். புதிய ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வர வேண்டும். மறுமுனையிலிருந்து இழுத்தால் அது நீண்டு, பிறகு சுருங்கி இரு ஓரத்திலும் சந்து விடும். சற்று நீளமாகவே விட்டுவைத்து மறுநாள் வெட்டுங்கள். கிரீஸ், ஆயில் எதுவும் படக்கூடாது, இ.பி.டி.எம். ஊறி உப்பிவிடும்.

மோட்டார் வைத்த ஷட்டராக இருந்தால், ரப்பரில் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். புதிய ரப்பரின் தடிமனுக்கு ஏற்ப இறங்கும் அளவையும் மெக்கானிக்கை வைத்துத் திருத்த வேண்டும். மேலே உருளையில் உள்ள ஸ்பிரிங்கை நீங்களே கழற்ற முயல வேண்டாம்; அது முறுக்கேறிய நிலையில் இருப்பதால் கையை முறித்துவிடும்.