வாசகர் கேள்வி பதில்: மழைக்குப் பிறகு ஃபிராங்கோனியா ரிட்ஜ்

கேள்வி: அண்ணா, நாங்க பாஸ்டன் பக்கம் இருக்கோம். ஜூலைல நியூ ஹாம்ப்ஷயர் போயி ஃபிராங்கோனியா ரிட்ஜ்ங்கிற மலை முகட்டுல ஏறி சுத்தி வர்ற லூப் நடக்கலாம்னு நாலு பேர் ப்ளான் போட்டிருக்கோம். மழை பெஞ்ச மறுநாள் பாதை எப்படி இருக்கும், எந்தப் பக்கமா ஏறுறது நல்லது?

பதில்: ஏறுறது ஃபாலிங் வாட்டர்ஸ் ட்ரெயில், இறங்குறது ஓல்ட் பிரைடில் பாத். இத மட்டும் மாத்திடாதீங்க. ஃபாலிங் வாட்டர்ஸ்ல வரிசையா அருவி வரும், கிளவுட்லேண்ட் அருவி மட்டுமே 80 அடி, ஆனா பாதை ஓடைய ஒட்டியே போறதால மழையில்லாத நாள்லயே பல இடத்துல பாறை ஈரமாத்தான் கிடக்கும், மழை பெஞ்ச மறுநாள்னா பாறையும் வேரும் பாசி பிடிச்ச படித்துறை மாதிரி வழுக்கும். ஏறும்போது கைய ஊனி சமாளிச்சிரலாம், முட்டி ஓஞ்சுபோன நேரத்துல அதே இடத்துல இறங்குறதுதான் ஆபத்து.

ஓடையவும் சில தடவ தாண்டணும். கல்லெல்லாம் முங்கி தண்ணி வேகமா போச்சுன்னா இறங்கிப் பாக்கவே வேணாம், திரும்பி வந்து ஓல்ட் பிரைடில் பாத் வழியா லஃபாயெட் உச்சிக்கு ஏறி அதே வழியா இறங்குங்க, அது 13 கிலோமீட்டர், முழு லூப்பே 14 சொச்சந்தான்.

லிட்டில் ஹேஸ்டாக் உச்சில மரம் முடிஞ்சிடும். அங்கேர்ந்து லிங்கன் உச்சிய தாண்டி லஃபாயெட் வரைக்கும் 2.7 கிலோமீட்டர் வெட்டவெளி, ஒதுங்க இடமே கிடையாது. பாதை அங்க சீக்கிரம் காஞ்சிடும், பயப்பட வேண்டியது இடிக்குத்தான். கோடைல பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் மேகம் திரளும், அதனால காலைல ஆறு மணிக்கே நடக்க ஆரம்பிச்சிடுங்க, வீக்கெண்ட்ல பார்க்கிங்கும் சீக்கிரம் ரொம்பிடும். ஃபோன்ல ஊருக்குக் காட்டுற வெயில நம்பாதீங்க, மவுண்ட் வாஷிங்டன் அப்சர்வேட்டரி மலை உச்சிகளுக்குன்னே தனியா வானிலை அறிக்கை போடுறாங்க, அதப் பாத்துட்டு கிளம்புங்க. ஹேஸ்டாக்ல நிக்கும்போதே இடி கேட்டா மேல போகாதீங்க, வழுக்குனாலும் பரவால்ல, வந்த வழியே மெதுவா மரத்துக்குள்ள இறங்கிடுங்க.

இன்னொண்ணு, ரிட்ஜ்ல ரெண்டு பக்கமும் கல் அடுக்கி வச்சிருப்பாங்க, அதுக்கு நடுவுலயே நடங்க. வெளிய இருக்கிற டையபென்சியா மாதிரி செடியெல்லாம் ரொம்ப மெதுவா வளர்றது, மிதிபட்டா திரும்ப வர வருஷக்கணக்காகும். ஃபோட்டோவுக்காக அது மேல போயி நிக்கிறவங்கள பாத்தா எனக்கு மனசே ஆறாது.

கேள்வி: வழில தண்ணி கிடைக்குமா? ட்ரெஸ் எப்படி?

பதில்: லஃபாயெட்டுக்குக் கீழ, ஓல்ட் பிரைடில் பாத்ல இறங்குற வழில, கிரீன்லீஃப் ஹட்னு மலையேறுறவங்க தங்குற விடுதி இருக்கு, கோடைல திறந்திருக்கும்போது பாட்டில் நிரப்பிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடியே 10 கிலோமீட்டர் கிட்ட நடந்திருப்பீங்க, ஓடைத் தண்ணிய ஃபில்டர் பண்ணாம குடிக்கக் கூடாது, அதனால ஆளுக்கு குறைஞ்சது ரெண்டு லிட்டர் தூக்கிட்டுப் போங்க. காட்டன் டீஷர்ட் வேணாம், வேர்வைல நனைஞ்சு ரிட்ஜ் காத்து பட்டா ஜூலைலயும் உடம்பு நடுங்கிடும், விண்ட் ஜாக்கெட் ஒண்ணு பைல இருக்கட்டும். ஷூவுக்கு அடில நல்ல பிடிப்பு இருக்கணும், ஹட்டுக்குக் கீழயும் செங்குத்தான பாறை இருக்கு.