லைஃப்கார்டு பயிற்சிச் செலவை கம்யூனிட்டி காலேஜ் ஏற்குமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். லைஃப்கார்டு (நீரில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் காவலர்) கிடைக்காததால் நகராட்சி நீச்சல் குளம் கோடையில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் சேரத் தயார், பயிற்சிக் கட்டணம்தான் இடிக்கிறது. பக்கத்து கம்யூனிட்டி காலேஜுடன் (மாநில நிதியில் நடக்கும் இரண்டு வருடக் கல்லூரி) சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

முடியும். இதே மாநிலத்தில் ஒரு நகராட்சியின் பூங்காத் துறையில் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தேன். ஒரு நாள் பள்ளி நீச்சல் அணியில் இருந்த ஒரு பையன் அம்மாவோடு வந்து பயிற்சிக்கு எவ்வளவு என்று கேட்டான். தொகையைச் சொன்னதும் அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று போனவர்கள் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நாங்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வாரமே காலேஜுக்கு போன் போட்டேன்.

நீங்கள் அங்கே கேட்க வேண்டியது "இன்ஸ்ட்ரக்ஷனல் சர்வீஸ் அக்ரிமென்ட்", அதாவது காலேஜும் வெளி அமைப்பும் சேர்ந்து பாடம் நடத்தும் ஒப்பந்தம். தீயணைப்புத் துறை, காவல் துறை, கடற்கரை லைஃப்கார்டு பிரிவு எல்லாம் பல காலமாகப் பயன்படுத்தும் வழி இது. குளமும் உங்களுடையது, பயிற்சியாளரும் உங்கள் ஆள்தான். ஆனால் பாடம் காலேஜின் பாடம், பயிற்சிக்கு வருபவர்கள் காலேஜ் மாணவர்களாகப் பதிவாகிறார்கள். அவர்கள் வகுப்பில் இருக்கும் மணி நேரத்தைக் கணக்குக் காட்டி காலேஜ் மாநில நிதி பெறுகிறது. அதில் பேசி வைத்த பங்கு உங்கள் நகராட்சிக்கு வரும்.

கணக்கு இப்படி. 525 மாணவர் மணி நேரம் சேர்ந்தால் ஒரு முழுநேர மாணவருக்குச் சமம். 20 பேருக்கு 40 மணி நேரப் பயிற்சி என்றால் 800 மணி, அதாவது ஒன்றரை மாணவர். இவ்வளவுதானா என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று வகுப்பு நடத்தினால், பயிற்சியாளர் சம்பளத்தில் நல்ல பகுதி அதிலேயே வந்துவிடும். பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்தை அந்த அளவுக்குக் குறைக்கலாம்.

நிபந்தனைகள் உண்டு. பயிற்சியாளருக்கு காலேஜ் விதித்த தகுதி இருக்க வேண்டும், வகுப்பு காலேஜின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். உங்கள் ஆட்களுக்கு மட்டும் என்று கதவை மூட முடியாது, தகுதியுள்ள யாரும் சேரலாம். அப்புறம், அதே பயிற்சியின் முழுச் செலவையும் வேறொரு மானியம் ஏற்கிறது என்றால் மாநில நிதி கேட்கக் கூடாது. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியதாக ஆகிவிடும். மானியம் இருந்தால் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி சொல்லப்போவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். லைஃப்கார்டு வேலைக்கு வருபவர்களில் பலர் ஹைஸ்கூல் பிள்ளைகள். செஞ்சிலுவைச் சங்கப் பயிற்சிக்கு 15 வயது போதும். ஹைஸ்கூல் மாணவர்கள் காலேஜ் பாடத்தை இலவசமாகப் படிக்க 2015-இல் வந்த ஏபி 288 என்ற மாநிலச் சட்டம் ஒரு வழி திறந்தது: பள்ளி நிர்வாகமும் காலேஜும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கீழ் உடற்கல்விப் பாடம் நடத்தக் கூடாது. அந்த ஒப்பந்தம் இல்லாமல் தனியாகச் சேர்ந்தாலும், உடற்கல்வி வகுப்பில் ஹைஸ்கூல் பிள்ளைகள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 பேர் வகுப்பில் இரண்டே பேர்! நீச்சல் என்றதும் காலேஜில் பழக்கத்தில் உடற்கல்வித் துறைக்குத்தான் அனுப்புவார்கள். பாடம் எந்தத் துறையின் கீழ் பதிவாகிறது என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள். பொதுப் பாதுகாப்பு அல்லது குறுகிய காலத் தொழிற்பயிற்சி என்று வைக்க முடிகிறதா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் எல்லாம் இந்த ஒரு முடிவில்தான் நிற்கிறது.

குறுகிய காலத் தொழிற்பயிற்சியை கிரெடிட் இல்லாத (பட்டத்துக்குக் கணக்கில் சேராத) பாடமாக வைத்தால் இன்னொரு வசதி, யாருக்கும் சேர்க்கைக் கட்டணம் கிடையாது. கிரெடிட் பாடமாக இருந்தால் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்யும் மாநிலத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் கல்வி உதவித்தொகையான பெல் கிராண்ட்டை நம்பாதீர்கள், இவ்வளவு குறுகிய படிப்புக்கு அது வராது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு செலவு மிஞ்சும். சான்றிதழ் கட்டணம், செயற்கை சுவாசம் கொடுக்கும் முகக்கவசம், நீச்சலுடை. இதற்கு காலேஜ் பணம் தராது. நாங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் கேட்டோம், ஒரே கூட்டத்தில் சம்மதித்தார்கள். சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். புதுப்பிக்கும் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

கட்டணத்தை நீக்கிவிட்டால் எல்லாரும் தேறிவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். எங்கள் முதல் இலவச வகுப்பில் சிலர் முன்தேர்வு நீச்சலிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். 10 பவுண்டு எடையை ஆழத்திலிருந்து எடுத்து வருவதற்குள் ஒரு பெண் அழுதேவிட்டாள். வீட்டருகில் குளமே இல்லாத பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள்? அடுத்த முறை பயிற்சிக்கு முன்னால் ஆறு வாரம், வாரம் இரண்டு மாலை, இலவச நீச்சல் வைத்தோம். அந்தப் பெண் அதற்கு ஒரு நாள் தவறாமல் வந்தாள், தேறினாள், அந்தக் கோடையே எங்கள் குளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

காலேஜில் புதிய பாடத்துக்கு ஒப்புதல் வாங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். அதனால் பக்கத்து மாவட்ட காலேஜ் எதிலாவது லைஃப்கார்டு பாடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் அதன் பாடத்திட்டத்தைக் காட்டிப் பேசலாம், உங்கள் காலேஜுக்கும் வேலை குறையும். பேச்சை அக்டோபரிலேயே தொடங்குங்கள். பிப்ரவரியில் நாங்கள் போனபோது அந்த வருடப் பட்டியலை முடித்துவிட்டோம் என்றார்கள், ஒரு கோடை முழுதும் போனது.