பின்மார்க்கின் மீன்பிடி ஊரொன்றில் குடும்பத்தோடு வாழ முடியுமா?

கேள்வி: நான் ஒஸ்லோவில் தாதியாக வேலை செய்கிறேன். வட நோர்வேயில், பின்மார்க் மாகாணத்தின் சிறிய மீன்பிடி ஊர் ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. கணவரும் மூன்று வயது மகளும் என்னுடன் வருவார்கள். அந்தக் குளிரில் எங்களைப் போன்றவர்கள் அன்றாடம் வாழ முடியுமா?

பதில்:

2001ஆம் ஆண்டு திருமணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து நேரே போட்ஸ்ஃபியோர்ட் என்னும் ஊருக்கு வந்தேன். வாரங்கர் தீபகற்பத்தின் வடகரையில், பாரென்ட்ஸ் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் இது. சனத்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். அன்றிலிருந்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் இருவரும் இங்கேதான் வளர்ந்தார்கள். உங்களுக்கு வேலை கிடைத்திருக்கும் ஊரின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் இந்தக் கரையோர ஊர்களின் வாழ்க்கை ஏறக்குறைய ஒரே போக்கில்தான் இருக்கும் என்பதால், நான் கண்டதையும் பட்டதையும் எழுதுகிறேன்.

குளிரைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கரையோரத்தில் குளிர் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் இந்தக் கடலை மாரியிலும் உறையவிடாமல் வைத்திருப்பதால், ஜனவரியில்கூடப் பல நாட்களில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஐந்து, பத்துப் பாகைக்குள் நின்றுவிடும். கடுங்குளிர் உள்நாட்டுக்கு உரியது. 1886 ஜனவரி 1 அன்று காராஷோக்கில் பதிவான −51.4 பாகைதான் இன்றுவரை நோர்வேயில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. கரையில் எங்களை ஆட்டிப் படைப்பது காற்று. பனி இங்கே பக்கவாட்டில் வந்து அடிக்கும். இரவு வெறுமையாக இருந்த வாசலில் விடியும்போது இடுப்பளவு பனி குவிந்திருக்கும். அதே வீட்டின் மற்ற மூலையில், காற்று துடைத்துவிட்ட இடத்தில், பழுத்த புல் தெரியும். அதனால் பனி அள்ளும் சவளை யாரும் வெளியே வைப்பதில்லை. வீட்டுக்குள், கதவுக்குப் பக்கத்திலேயே அது நிற்க வேண்டும். வந்த முதல் மாரியில் நான் அதை வெளிச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பக்கத்து வீட்டு முதியவர், கேட்காமலே, தன் சவளோடு வந்து எங்கள் கதவுக்கு வழி வெட்டிக் கொடுத்தார்.

நீங்கள் கேட்க மறந்தது பாதையைப் பற்றி. எங்கள் ஊருக்கு வெளியுலகத்திலிருந்து வரும் தரைவழி ஒன்றே ஒன்று. மரமே இல்லாத ஒரு மேட்டுநிலத்தைக் கடந்து அது வருகிறது. பாதையின் இரு ஓரமும் உயரமான கம்புகள் நட்டிருக்கும். பனி மூடிய பிறகு பாதை எங்கே என்று காட்டுவது அந்தக் கம்புகள்தான். காலையில் எழுந்ததும் தொலைபேசியில் முதலில் பார்ப்பது மலைப்பாதை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை. மூடியிருந்தால் தொழிற்சாலையிலிருந்து மீன் ஏற்றிய லொறி புறப்படாது, கடைக்குப் பாலும் மரக்கறியும் வராது, பல் வைத்தியரிடம் எடுத்த நேரம் தள்ளிப்போகும். இரண்டு நாள் மூடியிருந்தால் பாண் வைக்கும் தட்டு வெறுமையாகும். கோபப்படுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எல்லோர் வீட்டிலும் உறைபெட்டி நிறைய மீனும், ஒரு சாக்கு உருளைக்கிழங்கும் இருக்கும்.

முழுதாக மூடாத நாட்களில் வாகனங்களைத் தொடராக அழைத்துச் செல்வார்கள். தடுப்புக் கம்பத்தடியில் எல்லோரும் வந்து காத்திருக்க வேண்டும். முன்னால் பனி தள்ளும் பெரிய லொறி, பின்னால் கார்கள், கடைசியில் இன்னொரு காவல் வாகனம். என் இரண்டாவது பிள்ளை பிறக்க இருந்தபோது, மருத்துவச்சி ஒரு வாரத்துக்கு முன்பே கிர்கெனெசுக்குப் போய்த் தங்கச் சொன்னார். ஏனென்றால் ஊரில் வைத்தியர் இருந்தாலும் மருத்துவமனை இல்லை, கிர்கெனெஸ் மருத்துவமனை தரைவழியே 200 கிலோமீற்றருக்கும் மேல் தொலைவில் இருக்கிறது. நாங்கள் புறப்பட்ட நாளில் காற்று எழுந்துவிட்டது. கம்பத்தடியில் எட்டுக் கார்கள் நின்றன. தொடரை நடத்துபவர் ஒவ்வொரு கார்க் கண்ணாடியிலும் தட்டி, எரிபொருள் எவ்வளவு இருக்கிறது, கம்பளி உடுப்பு இருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கோடைச் சப்பாத்தோடு வந்த ஒருவரை அவர் திருப்பி அனுப்பியதையும் பார்த்தேன். எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தவர் என் வயிற்றைக் கண்டார். ஒன்றும் பேசாமல் கையைக் காட்டி எங்களை வரிசையின் முதலாவது காராக, லொறிக்கு நேர் பின்னால் நிறுத்தினார். அதன் பிறகு உலகத்தில் இருந்ததெல்லாம் அந்த லொறியின் முதுகில் சுழன்ற மஞ்சள் விளக்கு ஒன்றுதான். பாதையும் கம்புகளும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. சாதாரண நாளில் அரை மணித்தியாலத்தில் கடக்கும் மலையைக் கடக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நடுவில் தொடர் நின்றபோது என் கணவர் இறங்கிப் பார்க்கக் கதவில் கை வைத்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது, தொடரிலிருந்து விலகவோ திரும்பவோ கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி. நான்கு நாள் கழித்து மகள் சுகமாகப் பிறந்தாள்.

நீங்கள் தாதி என்பதால் இதை விரிவாக எழுதினேன். ஒஸ்லோவில் ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புவது சில நிமிடக் காரியம். இங்கே ஊரின் சிறு விமான நிலையத்துக்கு வரும் வான் அம்புலன்ஸ் காற்று அடங்கும்வரை வர முடியாது என்ற நிலை வரலாம்; அந்த மணித்தியாலங்களில் ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பவர் நீங்களாக இருப்பீர்கள். அனுபவமுள்ள தாதி ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது இருட்டு. எங்கள் பக்கத்தில் நவம்பர் 23 அளவில் மறையும் சூரியன் ஜனவரி 20 அளவில்தான் மீண்டும் தலைகாட்டும். மலை மறைக்கும் ஊர்களில் இன்னும் சில நாள் தாமதமாகும். நாள் முழுவதும் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். நண்பகலை ஒட்டி இரண்டு, மூன்று மணித்தியாலம், பனியின் மேல் நீலச் சாயம் கரைத்து ஊற்றியது போன்ற ஒரு வெளிச்சம் இருக்கும். ஆனாலும் முதல் மாரி கடினம்தான். தூக்கம் குழம்பும், காரணமில்லாமல் அழுகை வரும். அதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செப்டெம்பரிலிருந்து ஏப்ரல்வரை கொட் மீன் ஈரல் எண்ணெயை ஒவ்வொரு காலையும் ஒரு கரண்டி எடுப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். வெயில் இல்லாத இடத்தில் உயிர்ச்சத்து டி அதிலிருந்துதான் வருகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு, எவ்வளவு வேலை இருந்தாலும், பத்து நிமிடமாவது வெளியே நில்லுங்கள். சன்னல்களில் விளக்கு வைப்பார்கள், நீங்களும் வையுங்கள். அது அழகுக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை. ஒருமுறை காய்ச்சலில் நான் எழும்பாமல் கிடந்தபோது, "உன் சமையலறை விளக்கு இன்னும் எரியவில்லையே, என்ன நடந்தது?" என்று அதே பக்கத்து வீட்டு முதியவர் ஒன்பது மணிக்குத் தொலைபேசி எடுத்தார். எங்கள் தீபகற்பத்தின் இன்னொரு முனையை ஒட்டிய தீவில் இருக்கும் வார்டோவில், சூரியன் முழு வட்டமாகத் தெரியும் முதல் நாளில் கோட்டையிலிருந்து ஒரு வெடி தீர்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. அந்த வெளிச்சம் முகத்தில் படும்போது பெரியவர்களும் கண்கலங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். துருவ ஒளியும் வரும், வரும்போது பாருங்கள்.

உங்கள் மகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிள்ளைகள் காப்பகத்தில் எந்தக் காலநிலையிலும் வெளியே விளையாடுகிறார்கள். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத உடுப்பு என்று மூன்று அடுக்காக உடுத்த வேண்டும். பருத்தி பெனியனை மட்டும் உள்ளே போடாதீர்கள். வியர்வையில் நனைந்தால் அதுவே குளிரை உடம்போடு ஒட்டிவிடும். வெளி உடுப்பில் ஒளியைத் திருப்பும் பட்டி இருக்க வேண்டும், பெரியவர்களுக்கும்தான். காருக்கு ஆணி பதித்த ரயர் போட வடபகுதியில் ஒக்டோபர் 16 முதல் அனுமதி உண்டு. அந்த வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

ஊரை நடத்துவது மீன். மார்ச், ஏப்ரலில் முட்டையிடக் கரைக்கு வரும் கப்பெலின் என்ற சிறுமீனைத் துரத்திக்கொண்டு கொட் மீன் கூட்டமாக வரும். அப்போது தொழிற்சாலையில் ஓய்வே இருக்காது. படகு வராத வாரங்களில் எங்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள், அரசின் உதவிப்பணத்தில் சமாளிப்போம். அந்தப் பருவத்தில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் கொட் மீனின் நாக்கு வெட்டப் போவார்கள். பலகையில் நிறுத்திய ஒரு கூர்முனையில் மீன் தலையைத் தாடைப் பக்கமாகக் குத்தி, கத்தியை ஒருமுறை சுழற்றினால் நாக்கு தனியே வந்துவிடும். அதைக் கிலோக் கணக்கில் விற்றுக் கைக்காசு சேர்ப்பார்கள். என் மகன் பதினொரு வயதில் அப்படிச் சேர்த்த பணத்தில் தன் முதல் சைக்கிளை வாங்கினான். மிஞ்சும் தலைகளில் நல்லதாக இரண்டைப் பார்த்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழப்புளி விட்டுக் குழம்பு வைப்பேன். முன்பு தலையை எறியும் பொருளாகப் பார்த்த என் உடன்வேலைக்காரி இப்போது "இந்த வாரம் தலைக் குழம்பு இல்லையா?" என்று கேட்கிறாள்.

தமிழர்கள் இங்கே புதியவர்கள் அல்லர். எண்பதுகளில் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகள் என்னும் தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்கு வந்த இளைஞர்களும், போருக்குத் தப்பி வந்தவர்களும் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் ஆளில்லாத இடங்களை நிரப்பினார்கள். பிறகு பெரும்பாலானோர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள். ஆகையால் கோயிலும் தமிழ்க் கடையும் பக்கத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரிசி மாவும் மிளகாய்த்தூளும் ஒரு வருடத்துக்கானதை மொத்தமாகக் கொண்டுவாருங்கள். தமிழ் பேசும் ஆட்கள் குறைவு என்பதுதான், இருட்டைவிட, எனக்குப் பல வருடம் கனமாக இருந்தது. பிள்ளைகளோடு வீட்டில் விடாமல் தமிழே பேசியதால்தான் அதைத் தாண்டினேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்மார்க்கின் பரப்பு இலங்கையின் முக்கால் பங்கு. சனத்தொகையோ 75,000 அளவுதான். ஆட்களைத் தங்க வைக்க அரசு 1990 முதல் தனிச் சலுகைகள் தருகிறது: வருமான வரி குறைவு, படிப்புக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி ஓர் உச்சவரம்புக்குள் தள்ளுபடி, வீட்டு மின்சாரத்துக்குப் பெறுமதி சேர் வரி இல்லை, 2023 ஓகஸ்டிலிருந்து பிள்ளைகள் காப்பகம் இலவசம். உங்களைப் போன்ற இளம் குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல. இவ்வளவு தந்தும் இளைஞர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். என் மகனும் துரொன்ஹெய்முக்குப் படிக்கப் போய்விட்டான்.

மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசிவரை சூரியன் மறையாது. தடித்த சன்னல் திரை வாங்காவிட்டால் பிள்ளை தூங்காது. ஓகஸ்டில் சதுப்பு நிலங்களில் மஞ்சள் முல்தெப் பழம் பழுக்கும். நல்ல இடத்தை யாரும் யாருக்கும் காட்டிக் கொடுக்க மாட்டார்கள், நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

வருவதென்று முடிவெடுத்தால் மே மாதத்தில் வாருங்கள். அப்போது வந்தால் மாரிக்கு முன் அயலாரைப் பழகிக்கொள்ள ஒரு முழுக் கோடை கிடைக்கும். காரில் எப்போதும் ஒரு கம்பளிப் போர்வை, ஒரு சவள், சுடுதண்ணீர்ப் போத்தல், நெற்றியில் கட்டும் விளக்கு ஆகியவை இருக்கட்டும். உங்கள் ஊர் எங்கள் தீபகற்பத்தில் இருந்தால் எழுதுங்கள். பாதை திறந்திருக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை தலைக் குழம்போடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.